குருட்டுக் காடைக்கு ஒரு தொப்பி

ஜனவரி மாதம், முழங்காலளவு பனி. பக்கத்து வீட்டு எர்காஷின் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "பிட்-பில்திக்!" என்று காடை கத்தியதும் என் கையிலிருந்த ரொட்டி தந்தூர் அடுப்பு நெருப்பில் விழுந்தது. பகல் நீளும் வசந்தத்தில் கத்த வேண்டிய பறவை! அதுவும் குருடு!

அது முதலில் பாட்டுக்காகக் காடை வளர்க்கும் உர்மானுடையது. இலையுதிர் காலத்தில் அதன் கண்கள் வெளுத்துப்போக, மெத்தை தைக்கும் எர்காஷிடம் சும்மா தள்ளிவிட்டார். "சூப்பு வச்சுக் குடி" என்று டீக்கடையில் நக்கல் வேறு.

எங்கள் ஊர் மர்கிலான் முழுக்க இப்போது அதே பேச்சு. டீக்கடையில் பஞ்சாயத்து என்று கேள்விப்பட்டு, ரொட்டி கொடுக்கும் சாக்கில் நானும் போனேன். கூடையில் இரண்டே ரொட்டி.

"கண் தெரியாத காடை எங்கடா கத்தும்? கண்ணுல எதையோ தடவி குருடுன்னு என்னை நம்ப வச்சிருக்கான், திருட்டுப் பய!" என்று உர்மான் கத்தினார்.

எர்காஷ் கூண்டை மார்போடு அணைத்துக்கொண்டார். "என் புள்ள மேல சத்தியம், உர்மான் அண்ணே!"

கடைக்காரர் சத்தார் முடிவாகச் சொன்னார்: "கண் தெரியுதுன்னா கூண்டு உர்மானுக்கு. நீ இனிமே இந்தக் கடை வாசப்படி மிதிக்கக் கூடாது."

கூண்டைத் தொங்கவிட்டுக் கூடும் இடமே அதுதான்; காடைக்காரனுக்கு அதைவிடச் சாவு மேல்.

சத்தார் ஊசி முனையைக் காடையின் கண்ணருகே கொண்டுபோனார். இமைக்கவில்லை. சுத்தக் குருடு! கடையே வாயைப் பிளந்தது.

"அப்ப பகல் நீண்டுடுச்சுன்னு அதுக்கு யாருடா சொன்னது?" உர்மானின் குரல் இறங்கிவிட்டது.

கால்நடை மருத்துவம் படிக்கும் எர்காஷின் மகள் மஹ்லியோ வாசலிலிருந்து பேசினாள். "மண்டை சொல்லுச்சு, பெரியப்பா. பறவைக்கு மூளைக்குள்ளேயே வெளிச்சத்தை உணர்ற செல் இருக்கு. மண்டையோட்டைத் தாண்டி வெளிச்சம் உள்ள போகும். எல்லாரும் குளிர்காலத்துல கூண்டை மூடுறோம். குருடுக்கு எதுக்குத் துணின்னு அப்பா இதை மட்டும் மூடல. அவர் ராத்திரி பத்து வரைக்கும் தைக்கிற ட்யூப்லைட்டுக்குக் கீழயே தொங்குது."

"என் வழுக்கையிலயும்தான் வெளிச்சம் படுது. நான் பாடுறேனா?" உர்மான் குல்லாயைத் தூக்கிக் காட்டினார்.

"நீ பாடாம இருக்கிறதே ஊருக்குப் புண்ணியம்" என்றார் சத்தார்.

மஹ்லியோ அதை நிரூபிக்கக் கறுப்புத் துணியில் விரல்நுனி அளவு தொப்பி தைத்தாள். கண் இரண்டும் வெளியே, உச்சந்தலை மட்டும் மூடும். அதே கூண்டு, அதே விளக்கு. தினமும் உப்புக் கடன் கேட்கும் சாக்கில் போய்ப் பார்த்தேன். என் வீட்டில் உப்பு மலையாகச் சேர்ந்தது. முதல் வாரம் கத்தல். இரண்டாம் வாரம் முனகல். இருபதாம் நாள், கத்தலே இல்லை.

சத்தார் எல்லோரையும் கூட்டி வந்து காட்டினார். கூண்டை எட்டிப் பார்க்க எல்லோரும் முண்டியடித்தார்கள். நானும்தான்!

எர்காஷ் காடையின் தொப்பியைக் கழற்றி உர்மானிடம் நீட்டினார். "வேணும்னா கூண்டையும் எடுத்துட்டுப் போங்க அண்ணே. திருடன்னு மட்டும் சொல்லாதீங்க."

உர்மான் அந்தத் துணித் துண்டை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "நான்தான் குருடன். பறவை உன்னோடதுதான்" என்றவர், தன் குல்லாயைக் காதுவரை இழுத்து விட்டுக்கொண்டு பனியில் இறங்கினார்.

வழுக்கைத் தலைக்காரர்கள் யாரும் இப்போது எங்கள் தெருவில் குல்லாய் இல்லாமல் நடப்பதில்லை.