ஜெனரல் சப்ரோதினின் ஆறாவது அத்தியாயம்

ஜெனரல்களின் நினைவுக் குறிப்புகளை எழுதிக் கொடுப்பது என் வேலை. அட்டையில் அவர்கள் பெயர் பெரிதாக இருக்கும். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், "இலக்கியப் பதிவு: ரி. ச. லப்ஷினா" என்று என் பெயர் இருக்கும். 1966க்குள் இப்படிப் பதினோரு ஜெனரல்களை எழுதி முடித்திருந்தேன். பதினோரு பேரும் போரை ஜெயித்தவர்கள். அதில் மூன்று பேர் ஒரே நகரத்துக்குள் முதல் ஆளாக நுழைந்தவர்கள். அந்த மூவருக்குள் இன்றுவரை பேச்சுவார்த்தை கிடையாது.

பன்னிரண்டாவது ஆள் லெப்டினன்ட் ஜெனரல் லுக்யான் யெகோரவிச் சப்ரோதின். எனக்கு முன்னால் இரண்டு பேர் அவரிடம் போய், தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடி வந்திருந்தார்கள். நான் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். காரணம் இருந்தது. 1941இல் அவருடைய டிவிஷனில் நான் பத்தொன்பது வயது தொலைபேசிப் பெண். அவருக்கு என் முகம் தெரிய வாய்ப்பில்லை. கம்பியில் என் குரலைக் கேட்டு, "இணைப்புக் குடு" என்று கத்துவார், அவ்வளவுதான். நானும் போனவுடன் அதைச் சொல்லவில்லை. அந்த ஜூலை மாதத்துக் காலையைப் பற்றி அவர் தானாக வாய் திறக்கிறாரா என்று பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மாஸ்கோவுக்கு வெளியே அவருடைய தோட்ட வீட்டில் வாரம் மூன்று நாள் உட்காருவோம். ஓய்வுபெற்ற மற்ற ஜெனரல்களைப் போலவே அவரும் பழைய சீருடைக் கால்சட்டையைத்தான் தோட்டத்தில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் சிவப்புப் பட்டை, முழங்காலில் மண். ஸ்ட்ராபெரிச் செடிகளைக் கயிறு கட்டி வரிசை பிடித்து நட்டிருப்பார். வரிசை தவறி ஒன்று முளைத்தால் அதற்கும் திட்டு விழும்.

"செடியப் போட்டு ஏன்யா வையறே? அது என்ன உன் சிப்பாயா?" என்று சமையலறை ஜன்னல் வழியாக அவர் மனைவி ஃபயீனா சத்தம் போடுவாள்.

"சிப்பாயா இருந்தா இந்நேரம் நேரா நின்னிருக்கும்."

வாழ்க்கையைச் சொல்வதில் அவருக்குச் சிக்கல் ஒன்றும் இல்லை. குடியானவன் வீட்டில் ஒன்பதாவது பிள்ளை. பதினேழு வயதில் பக்கத்து ஊர்ப் பண்ணையாரின் குதிரையை அவிழ்த்துக்கொண்டு போய்ச் செம்படையில் சேர்ந்தவர். குதிரைக்காகத்தான் தன்னைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று அவரே சொல்வார். உள்நாட்டுப் போரில் தோளில் வாள்வெட்டு. பிறகு படைப்பள்ளி, ரெஜிமெண்ட், டிவிஷன். படைவீரர்களின் சூப்பில் கரண்டியை நட்டுப் பார்த்து, அது நிற்காமல் சாய்ந்தால் சமையல்காரனை முன்னணிக்கு அனுப்புகிற ஆள். 1938இல் ஒரு நாள் ரகசியப் போலீஸ்காரர்கள் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். 1940இல் விட்டுவிட்டார்கள். உள்ளே போனபோது முப்பத்திரண்டு பல், வெளியே வந்தபோது ஒன்பது.

"இத எப்படி எழுதறது, லுக்யான் யெகோரவிச்?" என்று கேட்டேன்.

"எல்லாரும் எப்படி எழுதறாங்க?"

"'அந்த இரண்டு ஆண்டுகள் படைப்பணியில் இல்லை.'"

"அதையே எழுதும்மா. பல்லப் பத்திக் கேட்டா, பல் டாக்டர்கிட்டப் போனேன்னு போடு."

ஐந்து அத்தியாயம் இப்படி ஓடியது. ஆறாவது அத்தியாயம் வெப்ரினா ஆறு. 1941 ஜூலை. அங்கே வந்ததும் மனிதர் தரையைப் பார்க்க ஆரம்பித்தார். "டிவிஷன் ஒழுங்காகப் பின்வாங்கி ஆற்றைக் கடந்தது" என்று ஒரு வாக்கியம் சொன்னார். எழுந்து போய் மேசை டிராயரிலிருந்து ஒரு கட்டுக் கடிதங்களைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார்.

கஸ்திரமாவில் துணி ஆலையில் வேலை செய்யும் அக்லாயா மொதவீலவா என்ற பெண் எழுதியவை. வருடத்துக்கு ஒன்று. அவள் கணவன் கேப்டன் இக்னாத் மொதவீலவ், அந்த டிவிஷனில் ஒரு பட்டாலியனின் தளபதி. பட்டியலில் அவர் பெயருக்கு நேரே "தகவலின்றிக் காணாமல் போனவர்" என்று இருந்தது. எங்கள் நாட்டில் இது சாதாரண வார்த்தை இல்லை. போரில் செத்தவன் வீரன். காணாமல் போனவன் எதிரியிடம் கைதூக்கியவனாகவும் இருக்கலாம். வேலைக்கு, படிப்புக்கு, எதற்குப் படிவம் நிரப்பினாலும் தகப்பன் எங்கே என்ற கேள்வி வரும். மொதவீலவின் மகள் எழுதிய பதிலைப் படித்துவிட்டு மருத்துவக் கல்லூரியில் உதட்டைப் பிதுக்கினார்களாம். கடிதங்களில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. "நீங்கள் அவருடைய தளபதி. அவர் விழுந்ததை யாராவது பார்த்தார்களா? எனக்கு ஒரு வார்த்தை போதும்." இருபது வருடமும் இதே கேள்விதான். ஒன்றுக்கும் சப்ரோதின் பதில் போடவில்லை.

"எழுது" என்றார். "கேப்டன் மொதவீலவின் பட்டாலியன் ஆற்றுக்கு மேற்கே நின்று கடைசி ஆள் வரை போரிட்டு வீழ்ந்தது. பேரோட எழுது. அச்சுல வந்துட்டா அந்தம்மாவுக்கு அதுவே அத்தாட்சி."

எழுதினேன். பதிப்பகத்துக்குக் கொண்டுபோனேன். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புத்தகத்தில் வரும் ஒவ்வொரு பெயரும் ராணுவ ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சரிபார்த்து வரவேண்டும். மூன்று வாரத்தில் தாள் திரும்பி வந்தது. மொதவீலவ் பெயரின் மேல் சிவப்புக் கோடு.

"காணாமப் போனவங்க பேரு நம்ம புத்தகத்துல வராது, தெரியும்ல?" என்றார் என் மேலதிகாரி கர்னல் ஷெர்பினின்.

"செத்தாருன்னு ஜெனரலே சொல்றாரு."

"காணாமப் போனாருன்னு கையெழுத்துப் போட்டிருக்கறதும் ஜெனரல்தான். இதப் பாரு." காப்பகத்தின் நகலைத் தள்ளினார். 1941இன் இழப்புப் பட்டியல், கீழே சப்ரோதினின் கையெழுத்து. "அவரு போட்டத அவரே வந்து மாத்தட்டும். புத்தகம் அதுக்கான எடமில்ல, ரிம்மா."

இதைப் போய்ச் சொன்னபோது ஜெனரல் ஷெர்பினினின் வம்சத்தையே இழுத்துத் திட்டினார். ஃபயீனா கதவைச் சாத்திக்கொண்டாள். நான் டீ ஆறும்வரை காத்திருந்து சொன்னேன்.

"புத்தகமே வேண்டாம், லுக்யான் யெகோரவிச். ராணுவப் பதிவு அலுவலகத்துல ஒரு தாள் எழுதிக் குடுத்தாப் போதும். கூட இருந்தவங்க ரெண்டு பேரு சாட்சி சொன்னா, காணாமப் போனவர்ங்கறத அடிச்சிட்டு வீழ்ந்தவர்னு மாத்துவாங்க."

"தெரியும்."

"அப்புறம் என்ன?"

"எனக்கு எப்படித் தெரியும்னு அதுல எழுதணுமே."

ஆறிப்போன டீக்கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார். மேலிடத்து உத்தரவு, பகல் பன்னிரண்டு வரை வெப்ரினா ஆற்றுப் பாலத்தைத் தகர்க்கக் கூடாது என்பது. காலை ஏழு மணிக்கு ஜெர்மன் டாங்கிகள் வேறொரு வழியாகப் பாலத்தை நெருங்கிவிட்டன. மொதவீலவின் பட்டாலியன் ஆறு கிலோமீட்டர் மேற்கே இருந்தது. காயம்பட்டவர்களின் வண்டிகள் அப்போதுதான் கடந்து முடிந்திருந்தன. அவர் பாலத்தைத் தகர்க்கச் சொன்னார். மத்தியானம் வரை மேற்கே சண்டைச் சத்தம் கேட்டது, ஒருவரும் திரும்பி வரவில்லை.

"இன்னைக்கு நின்னாலும் அதையேதான் செய்வேன்" என்றார். "நாலாயிரம் பேரு தப்பிச்சான். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா அறிக்கையில என்ன எழுதினேன்? ஆறரை மணிக்கே பட்டாலியனோட தொடர்பு அறுந்துபோச்சு, ஆளுங்களக் காணோம், பாலத்தப் பன்னெண்டுக்குத்தான் தகர்த்தேன்னு எழுதினேன். உத்தரவ மீறினேன்னு எழுதியிருந்தா நேரா நீதிமன்றம். உள்ள இருந்து வந்து ஒரு வருசங்கூட ஆகல. ரெண்டாவது தடவை போக எங்கிட்டப் பல்லு மிச்சமில்லம்மா."

பதினோரு ஜெனரல்களை எழுதியிருக்கிறேன். பயந்தேன் என்று ஒருவர் வாயிலிருந்தும் வந்ததில்லை.

"சரி, நான் எழுதறேன்னே வை" என்றார். "ரெண்டாவது சாட்சிக்கு எங்க போவேன்? பாலத்துல வெடி வெச்சவன் அடுத்த வாரமே செத்தான். என் அதிகாரிங்க ஒருத்தனும் உயிரோட இல்ல. போன்ல ஒரு பொண்ணு இருந்தா. அவ பேருகூட எனக்குத் தெரியாது."

"ரிம்மா" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை என்று தெரிந்தது. நான் கம்பியில் பேசும் குரலில், தளபதிக்கான சங்கேதப் பெயரால், "முதலாமவரே, மேற்குப் பக்கம் இணைப்பில் இருக்கிறது" என்றேன். அவர் கையிலிருந்த டீக்கோப்பையைக் கீழே வைத்தார்.

"ரெண்டு மாசமா வந்து உக்காந்திருக்கே. ஏன் வாயத் தொறக்கல?"

"நீங்க தொறக்கல. நானும் தொறக்கல."

என் பங்கும் அதில் இருந்தது. தொலைபேசிக் குறிப்பேட்டில், "6.30. மேற்குடன் தொடர்பு அறுந்தது" என்று எழுதியவள் நான். மேற்கு என்றால் மொதவீலவின் பட்டாலியன். ஜெனரல் கம்பியில் சொல்லச் சொல்ல எழுதினேன். கம்பி ஆற்றின் அடி வழியாகப் போனது. பாலம் போன பிறகும் கால் மணி நேரம் உயிரோடிருந்தது. மொதவீலவ் கடைசியாகப் பேசியது என்னிடம்தான். ஜெனரலின் அறிக்கைக்கு என் ஒற்றை வரிதான் முட்டுக்கொடுத்து நின்றது. உண்மையை எழுதிக் கொடுத்தால் அவருக்குப் புத்தகம் போகும், எனக்கு வேலை போகும். கொடுக்காவிட்டால் கஸ்திரமாவில் ஒரு பெண் அடுத்த ஜூலையிலும் கடிதம் எழுதுவாள்.

இரண்டு நாள் அவர் என்னைக் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஃபயீனா போன் செய்தாள். "வந்து தொலைங்க. மனுசன் ராத்திரி பூரா தூங்காம சீருடைக்கு இஸ்திரி போடறான். என்னையும் தொட விடல."

பதிவு அலுவலகத்துக்கு மார்பு நிறையப் பதக்கத்தோடு வந்தார். அங்கே இருந்த இளம் மேஜர், ஏதோ பள்ளி விழாவுக்குப் போகிற வழியில் வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டான். தாளைப் படித்ததும் அவன் முகம் வெளுத்தது.

"தோழர் ஜெனரல், இத நீங்க... நல்லா யோசிச்சுத்தான் எழுதியிருக்கீங்களா?"

"இருபத்தஞ்சு வருசம் யோசிச்சேன், போதாதா? முத்திரையக் குத்துப்பா."

அவருடைய கையெழுத்துக்குக் கீழே என்னுடையதைப் போட்டேன்.

செப்டம்பரில் முடிவு வந்தது. கேப்டன் இக்னாத் மொதவீலவ், போரில் வீழ்ந்தவர். சப்ரோதினைச் சிறைக்கு யாரும் அனுப்பவில்லை. காலம் மாறியிருந்தது. ஆனால் புத்தகம் "காகிதப் பற்றாக்குறையால்" நின்றுபோனது. நவம்பர் புரட்சி நாள் அணிவகுப்புக்கு வழக்கமாக வரும் அழைப்பு வரவில்லை. என்னைப் பீரங்கிப் பராமரிப்புக் கையேடுகளுக்குப் பிழை திருத்தும் அறைக்கு மாற்றினார்கள். அங்கே ஜெனரல்கள் கிடையாது. அந்த மட்டுக்கும் நிம்மதி.

அக்லாயா மொதவீலவா நவம்பர் கடைசியில் மாஸ்கோவுக்கு வந்தாள். ஜெனரல் என்னையும் வரச் சொல்லியிருந்தார். ஐம்பது தாண்டிய பெண், ஆலைத் தூசியில் சிவந்த கண்கள். ஊறுகாய்க் காளான் ஜாடி ஒன்றை ஃபயீனாவிடம் கொடுத்துவிட்டு சமையலறை மேசையில் உட்கார்ந்தாள். சப்ரோதின் உட்காரவில்லை. சாதாரணச் சட்டையில், கைகளைப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, அவளுக்கு முன்னால் நின்றார்.

"நான்தான் பாலத்தத் தகர்க்கச் சொன்னேன்" என்றார்.

"தெரியும். எனக்கு வந்த தாள்ல போட்டிருக்கு. உக்காருங்க." அவள் குரல் உயரவில்லை. "சண்டை போட வரல. மன்னிக்கவும் வரல. அது என் கையில இல்ல. எனக்கு ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கடைசியா என்ன சொன்னாரு?"

ஜெனரல் என்னைப் பார்த்தார். பதினோரு புத்தகங்களில் எத்தனையோ பேருக்கு நான் கடைசி வார்த்தை எழுதிக் கொடுத்திருக்கிறேன். தாய்நாடு வரும், தாய் வருவாள், மனைவியின் பெயரும் வரும். ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"பின்னாடி பெரிய சத்தம் கேட்டுச்சு, பாலமான்னு கேட்டாரு" என்றேன். "பாலம்தான். ஆனா இன்னொரு கம்பியில இவரு, இல்லைன்னு சொல்லுன்னாரு. நான் சொன்னேன். அது குண்டு, பாலம் அப்படியே இருக்கு, பன்னெண்டு மணி வரைக்கும் தாக்குப் பிடிங்க, அப்புறம் கடந்து வந்துரலாம்னு."

"நம்பினாரா?"

"நம்பினாரு. 'சரிம்மா பொண்ணு, மத்தியானம் சாப்பாடு எடுத்து வைக்கச் சொல்லு'ன்னாரு. அவ்வளவுதான்."

அவள் மேசை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள். கெட்டிலில் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தது. யாரும் எழுந்து அணைக்கவில்லை.

"அப்போ பயப்படல" என்றாள்.

"இல்ல."

"வந்துருவோம்னே நெனச்சிருக்காரு. சாப்பாட்டப் பத்தி நெனச்சிருக்காரு." என் பக்கம் திரும்பி என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "நல்லவேள சொன்னியே பொண்ணே. நல்லவேள பொய் சொன்னியே."

அந்தப் பொய்க்காக ஓர் அறை வாங்க இருபத்தைந்து வருடம் கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். நன்றி வாங்க நான் தயாராக இருக்கவில்லை. ஜெனரல் வீட்டுச் சமையலறையில், மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஓவென்று அழுதேன்.