இருபத்தேழு விநாடிச் சிரிப்பு

"டேய் கிளார்க்கு! பேன்ட்டை அப்புறமா தேடலாம், முதல்ல பட்டனை அமுக்குடா!"

உஷாராணி கத்தி முடித்த அதே நொடியில், கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. அதைத் தொடர்ந்து பூட்டு கடிக்கும் சத்தம்.

காதிலிருந்த ஹெட்போனைப் பிடுங்கினாள். மணி மூன்று பதினெட்டு.

அவள் இருந்தது வீட்டின் சரக்கு ரூம். ஜன்னல் கிடையாது. சுவர் தெரியாமல் கூரைவரை துண்டுக் கட்டுகள். நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம். வெளிச்சம் என்று சொன்னால் செல்போன் திரை ஒன்றுதான். அதில் பொருத்திய சுண்டுவிரல் நீள மைக் அவள் மூச்சுக்காகக் காத்திருந்தது.

"அத்தை" என்று கூப்பிட வாயெடுத்தாள். எடுத்த வாய் அப்படியே நின்றது. வெளியே இன்னொரு குரல்.

"ஏ ராமாத்தா! வாசலத் தொறந்து போட்டுட்டு ஊட்டுல ஆருமே இல்லியா?"

சாலம்மாள். இறந்துபோன மாமனாரின் அக்கா. திருச்செங்கோட்டுக்காரி. உலகத்தில் எந்தக் குரல் இப்போது கேட்கக் கூடாதோ, அந்தக் குரல்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு உஷாராணி குரல் கொடுத்தாள். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி குமாரபாளையம் முழுக்க ஓடியது. ஆடித் தள்ளுபடி பற்றி நாலே நாலு வரி. "ஊட்டுப் பொம்பள சத்தம் ஆட்டோவுல சுத்துது, நாங்க எப்படி வெளிய தலை காட்டறது?" என்று சாலம்மாள் நடுக்கூடத்தில் உட்கார்ந்து சோறு மறுத்தாள். கணவன் மதன் தரையைப் பார்த்தபடி, "உட்டுரு உஷா" என்றான். மாமியார் ராமாத்தாள் தறிக்கான ஊடைநூலைக் கட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவே இல்லை.

அந்த ஆடித் தள்ளுபடிக்கே அந்தக் கூத்து. இப்போது மைக்கில் போய்க்கொண்டிருப்பதற்குப் பக்கத்தில் வைத்தால், ஆடித் தள்ளுபடி சாமி ஆராதனை.

ஜப்பான் அனிமே. 'பெரியவர்களுக்கு மட்டும்' என்று முத்திரை குத்திய சிரிப்புத் தொடர். பன்னிரண்டு மாடி ஆபீஸ் கட்டடத்தின் லிஃப்டுக்குள் நாற்பது வருஷமாக மாட்டிக்கொண்ட ஒரு பேய், பெயர் ஒயுகி. செத்தும் குடியை விடாதவள். வாரம் ஓர் ஊழியன் அவளோடு லிஃப்டில் சிக்குவான். கூச்சநாச்சமில்லாமல் அவனை ஓட்டி எடுத்துவிட்டு, கடைசியில் ஒரு வாழ்க்கைப் பாடம் சொல்லி அனுப்புவாள். அவள் பேசும் வசனங்களில் பாதியை உஷாராணி கட்டிய கணவனிடம்கூடச் சொன்னதில்லை. ஆனால் ஒயுகியின் தமிழ்க் குரல் உஷாராணிதான். பதினொரு பகுதி முடிந்து, இன்று கடைசிப் பகுதி.

பதிவு எல்லாமே இந்த ரூமில்தான், அதுவும் ஷட்டவுன் நாளில் மட்டும்தான். இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டுத் தறிகள். கரண்ட் இருந்தால் சுவர் அதிரும், பல் அதிரும். மாதத்துக்கு ஒரு நாள் மின்வாரியம் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் ஐந்துவரை நிறுத்தும்போதுதான் ஊருக்கு மௌனம் கிடைக்கும். அந்த ஒரு நாளில் "சரக்கு எண்ணிட்டு வாரேன்" என்று உள்ளே நுழைந்து, மாதத்துக்கான பகுதிகளைப் பேசி முடித்துவிடுவாள்.

செல்போன் ஒளிர்ந்தது. சென்னை ஸ்டூடியோவிலிருந்து கிருத்திகா.

'அக்கா, நாலு மணிக்குள்ள ஃபைல் வரணும். இல்லன்னா இந்தப் பகுதிக்கு வேற வாய்ஸ் போடச் சொல்றாங்க. அடுத்த சீசனும் அவங்களுக்கே போயிடும். ப்ளீஸ்!'

பேட்டரி பதினாலு சதவீதம். பாக்கி ஆறு வசனம். அதன்பின் ஒரு சிரிப்பு.

சிக்கலே அந்தச் சிரிப்புதான். தாளில் அச்சடித்திருந்தது: 'ஒயுகி வயிறு குலுங்கச் சிரிக்கிறாள், 27 விநாடி.' வசனத்தைப் போர்வைக்குள் தலையை விட்டு அடக்கிப் பேசலாம். வயிறு குலுங்கும் சிரிப்பை எந்தப் போர்வைக்குள் அடக்குவது?

வெளியே பேச்சு நெருங்கியது.

"எம்பேத்தி கனிஷ்கா புது ஊடு கட்டியிருக்கறாளல்லோ, பால் காய்ச்சறாங்க. வர்றவங்களுக்குக் குடுக்க நூறு துண்டு எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். சரக்கு ரூமத் தொற, நானே பாத்து எடுத்துக்கறேன்."

உஷாராணி செல்போன் திரையை மார்போடு கவிழ்த்தாள்.

"சாவிய மதன் ஈரோட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டானுங்க அண்ணி. சந்தை முடிஞ்சு ராத்திரிதான் வருவான்" என்றாள் ராமாத்தாள்.

மதன் எடுத்துப் போனானா? அப்படியானால் இப்போது பூட்டியது யார்? கேள்வி வந்தது. யோசிக்க நேரமில்லை. மருமகள் சரக்கு எண்ணி முடித்துப் போய்விட்டாள் என்று நினைத்து, மாமியார் இன்னொரு சாவியை வைத்துப் பழக்கதோஷத்தில் பூட்டியிருப்பாள். உண்மையைச் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டு பேர் முன்னாலும் மைக்கோடு நிற்க வேண்டும். சொல்லாவிட்டால் இங்கேயே வெந்துபோக வேண்டும். ஏப்ரல் மாதப் புழுக்கத்தில் வியர்வை கண்ணில் இறங்கியது. நூல் வாசம் மூக்கை அடைத்தது.

'பாடம் எட்டு' என்றாள் ஒயுகி அவளுக்குள். 'மாட்டிக்கிட்டா முதல்ல உக்காரு. நின்னுக்கிட்டே மாட்டிக்கிறது ரெட்டை வேலை.'

உஷாராணி உட்கார்ந்தாள். போர்வையை இழுத்துத் தலைமேல் போட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. குரலைத் தொண்டையிலேயே பிடித்து வசனங்களை ஒவ்வொன்றாக முடித்தாள். ஐந்தாவது வசனத்தில் ஒரு ஏப்பம் வரும். அது கொஞ்சம் தாராளமாக வந்துவிட்டது.

"உள்ளார என்ன சத்தம்?" சாலம்மாளின் வளையல் கதவில் மோதியது.

"எலிங்க அண்ணி."

"எலி ஏப்பம் உடுமாக்கும்?"

"எங்கூட்டு எலி நல்லாத் திங்குதுங்க."

"பேச்சப் பாரு! முன்னெல்லாம் வாயே தொறக்க மாட்டே. உம்மருமவ எங்கே?"

"தலைவலின்னு மாத்திரை வாங்கப் போனா." அப்படி ஒரு தலைவலி உஷாராணிக்கு இல்லவே இல்லை.

"அவ வாய்க்குத்தான் மாத்திரை குடுக்கோணும். அந்த ஆட்டோவ நெனச்சா இன்னும் எனக்கு ஒடம்பு கூசுது."

முன்பானால் உஷாராணிக்கு அழுகை வந்திருக்கும். இப்போது ஒயுகியின் பாடம் மூன்று வந்தது: 'மேலதிகாரி திட்டுறப்ப அவர் மூக்கு முடியை எண்ணு. எண்ணி முடிக்கிறதுக்குள்ள திட்டு முடிஞ்சிடும்.' கதவு மறைத்ததால் எண்ண வழியில்லை. ஆனாலும் உதடு லேசாக விரிந்தது.

ஆறாவது வசனம். கடைசிப் பகுதியின் உயிரே அதுதான். சிக்கிய கிளார்க் கேட்கிறான்: 'நாற்பது வருஷத்தில் ஒரு தடவையாவது கதவைத் தள்ளிப் பார்த்தீங்களா?' பேய் போய்த் தள்ளுகிறது. கதவு திறந்துகொள்கிறது.

"பூட்டியிருக்குன்னு எவன்டா எனக்குச் சொன்னான்?" உஷாராணி பேசி முடித்தாள்.

பாக்கி சிரிப்பு மட்டும். மூன்று நாற்பத்தொன்று. ஒன்பது சதவீதம்.

அப்போதுதான் அந்தச் சத்தம். தெருக்கோடியில் ஒரு தறி செருமியது. அடுத்து இன்னொன்று. மழை பிடித்ததுபோல் பட்டறை பட்டறையாகச் சத்தம் நெருங்கி வந்தது.

ஐந்து மணிக்கு வர வேண்டிய கரண்ட் வந்துவிட்டது!

இன்னும் அரை நிமிடத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டுத் தறியும் எழுந்துவிடும். அப்புறம் எந்த மைக்கும் எதையும் பிடிக்காது. உஷாராணி சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பத்து எண்ணினாள். இருபது எண்ணினாள்.

சுவர் அசையவில்லை.

கொல்லைப் பக்கம் ராமாத்தாளின் குரல் உரக்கக் கேட்டது. "மாரி, நம்மூட்டுக்கு இன்னும் வரல. நீ போயி நிதானமா ஒரு டீ குடிச்சுட்டு வா சாமி."

"எல்லா ஊட்டுக்கும் வந்துருச்சுங்களே அம்மா?" என்றான் தறிக்கார மாரி.

"நம்ம லைனு வேற. போ, போ."

லைன் வேறா? இந்தத் தெருவுக்கே ஒரே கம்பம்தானே! உஷாராணிக்கு ஏதோ இடித்தது. ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உறைத்தது. தெரு முழுக்கத் தறி இரைச்சல். கூடத்தில் நிற்பவர்கள் காதில் இனி உள்ளே நடப்பது விழாது. துண்டுக் கட்டுகள் இருக்கும்வரை தெரு இரைச்சல் மைக்குக்கும் வராது. இந்த ஊரில் இப்படி ஒரு சந்து இதுவரை திறந்ததே இல்லை.

போர்வையை உதறினாள். பட்டனை அமுக்கினாள். சிரித்தாள்.

முதல் ஐந்து விநாடி நடிப்பு. அதற்குமேல் ஆட்டோ ஞாபகம் வந்தது, மறுத்த சோறு ஞாபகம் வந்தது, தரையைப் பார்த்த மதன் ஞாபகம் வந்தான். ஏப்பம் விடும் எலி ஞாபகம் வந்தது. வயிறு தானாகக் குலுங்கியது. கண்ணில் நீர் கொட்ட, கட்டுகளில் சாய்ந்து, மூச்சு வாங்கி மறுபடி சிரித்தாள். திரையில் எண் இருபத்தேழைத் தாண்டி முப்பதில் நின்றது.

அனுப்பு.

வட்டம் சுழன்றது. ஐந்து சதவீதம். நான்கு.

தறி இரைச்சலை மீறிக் கத்தியபடி சாலம்மாள் வெளியே கிளம்பினாள். "நாலு மணி பஸ்ஸ உட்டா அப்பறம் நின்னுட்டே போகோணும். மதன் வந்ததும் துண்ட அனுப்பிப் போடு. அந்த எலிக்கு மருந்து வெய்யி!"

"வெக்கறேனுங்க அண்ணி."

மூன்று சதவீதம். மணி மூன்று ஐம்பத்தெட்டு. கிருத்திகாவிடமிருந்து பதில்: 'வந்துடுச்சு! அக்கா, அந்தச் சிரிப்பு! இங்க எல்லாரும் அழறாங்க. அடுத்த சீசன் நீங்கதான். உங்க ஊர் ரசிகைக்கும் இனி நிம்மதி.'

ஊர் ரசிகை என்பது அவர்களுக்குள் ஒரு கேலி. ஒவ்வொரு பகுதி வெளியானதும் 'செவ்வந்தி' என்ற பெயரில் ஒரே கமென்ட் வரும். 'இந்தப் பேயி வெளிய வருமா வராதா? சொல்லிப்போடுங்க. தூக்கம் வரமாட்டேங்குது.' திருச்செங்கோட்டுக் கல்லூரிப் பையன் எவனோ கலாய்க்கிறான் என்றுதான் உஷாராணி நினைத்திருந்தாள்.

செல்போன் அணைந்தது. முழு இருட்டு. இனி எப்படி வெளியே போவது, என்ன பொய் சொல்வது என்று அவள் யோசிப்பதற்குள் பூட்டு கடகடத்தது.

கதவு திறந்தது. வெளிச்சத்தில் ராமாத்தாள் நின்றாள். தார் சுற்றும்போது அவள் மாட்டிக்கொள்ளும் இயர்போன் கழுத்தில் தொங்கியது. சாமி பாட்டு கேட்கிறேன் என்பாள். போன வாரம்கூடத் தார் சுற்றியபடியே தோள் குலுங்கியதைப் பார்த்து, பக்தியில் அழுகிறாள் என்று உஷாராணி விலகிப் போனாள்.

மைக், ஹெட்போன், வசனத் தாள் எல்லாம் அப்படியே கிடந்தன. மறைக்க நேரமில்லை.

"அத்தை... நீங்க பூட்டினப்ப நான் உள்ள..."

ராமாத்தாள் சேலை மடியை அவிழ்த்தாள். உள்ளே வெள்ளை வெளேரென்று மூன்று பீங்கான் ஃபியூஸ் கட்டைகள். தறிப்பட்டறை மெயின் பெட்டியிலிருந்து பிடுங்கியவை.

வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். சாலம்மாள் தெருமுனை தாண்டிவிட்டாள் என்று உறுதியானதும் மருமகள் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தப் பேயி வெளிய வருமா வராதா? இப்பவாச்சும் சொல்லிப்போடு சாமி. தூக்கம் வரமாட்டேங்குது."