அலவி நானாவின் குளியலறை டீவி

அலவி நானா டீவியை முதலிலேயே வாங்கிவிட்டார். மாட்டும் இடத்தையும் முடிவு செய்திருந்தார். குளியலறையில், ஷவருக்கு நேர் எதிரே. பதுளை பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் அவருக்கு, வீட்டு ஹாலில் கிரிக்கெட் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அங்கே ரிமோட் மனைவி ஸுபைராவின் கையில்.

வயரிங் வேலைக்கு வந்த சிவசக்தி, கருவிப்பையோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து வந்து, வயரிங் படித்து, சொந்தமாக வேலை எடுக்கத் தொடங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வந்த வேலையை விட மனமில்லை. ஆனாலும் சொன்னாள்.

"இங்க மாட்ட முடியாதுங்க நானா. தண்ணி தெறிக்கிற எடம்."

"பொலித்தீன் சுத்திட்டா?"

"அப்பவும் ஆவி உள்ள போகும்ங்க. செவுத்த சதுரமா வெட்டி, படுக்கிற ரூம் பக்கமா டீவிய வைப்போம். வயரு, பிளக்கு எல்லாம் அந்தப் பக்கம். குளிக்கிற பக்கம் கெட்டிக் கண்ணாடி போட்டு, சுத்தி சிலிக்கன் அடைச்சிரலாம்."

நானாவுக்கு அந்த யோசனை பிடித்தது. சிவசக்தி, "அதுக்கு முன்ன ட்ரிப் சுவிட்ச பாத்துக்கிறேன். கரண்ட் எங்கயாச்சும் ஒழுகினா, தானா விழுந்து உசிரக் காப்பாத்துறது அதுதான்" என்று சொல்லிவிட்டு, அதைச் சோதிக்கும் பொத்தானை அழுத்தினாள். அது விழவில்லை. மூடியைக் கழற்றினாள். கரண்ட் சுவிட்ச் வழியாகவே போகாதபடி, வயர்களை நேராக ஒன்றோடொன்று முறுக்கி விட்டிருந்தார்கள்.

"இத யாருங்க செஞ்சது?"

"நான்தான் செய்யச் சொன்ன. சுடுதண்ணி மெஷினப் போட்டா சும்மா சும்மா விழுந்துக்கிட்டே ஈந்திச்சி. இப்ப ஒரு கரச்சலும் இல்ல."

சிவசக்தி குளியலறைக்குப் போனாள். மெஷினைப் போட்டுவிட்டு, ஷவர் குழாயில் டெஸ்டரை வைத்தாள். டெஸ்டர் சிவப்பாக எரிந்தது.

"குளிக்கிறப்ப ஒண்ணும் தெரியலியாங்க?"

"தெரியாமலா! ஒடம்பெல்லாம் சிர்ருண்டு ஏறும். எங்கட ஊட்டுத் தண்ணிக்குத் தனிச் சத்து ஈக்கி. தோள் வலிக்கு நம்ம பக்கத்துக் கடை தாஸிம் கிழமைக்கொருக்கா இங்க வந்துதானே குளிக்கிறான்!"

சொல்லி வாய் மூடவில்லை, தாஸிமே தோளில் துவாயோடு உள்ளே வந்தார். சிவசக்தி ஓடிப்போய் மெயினை அணைத்தாள். திரும்பி வந்து குளியலறை வாசலில் கைகளை விரித்து நின்றாள்.

"உள்ள போகாதீங்க! அது சத்து இல்லங்க, கரண்ட்டு!"

தாஸிம் துவாயைத் தோளிலிருந்து எடுத்து மெல்ல மடித்தார். அலவி நானா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். குசினியில் சமைத்துக்கொண்டிருந்த ஸுபைரா சத்தம் கேட்டு வந்தாள்.

"குழாயத் தொட்டா குத்துது குத்துதுண்டு நான் எத்தன தரம் சொன்ன? நீங்க பிரஷர்ண்டு குளிசை முழுங்கச் சொன்னீங்களே!"



பழைய மெஷின் குப்பைக்குப் போனது. புதிய ட்ரிப் சுவிட்ச் வந்தது, எர்த் வயர் வந்தது. மேசன் சுவரை வெட்டிக் கொடுக்க, டீவி கண்ணாடிக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தது. ஸுபைரா தானே ஐந்து முறை பொத்தானை அழுத்தி, சுவிட்ச் ஐந்து முறையும் டக்கென்று விழுவதைப் பார்த்த பிறகுதான் கணவரைக் குளிக்க விட்டாள்.

நானா ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தார்.

"மெட்ச் எப்படிங்க நானா?" என்று சிவசக்தி கேட்டாள்.

"மெட்ச் நல்லம் தங்கச்சி. தண்ணிதான் சப்புண்டு ஈக்கி."

அடுத்த கிழமைக்குள் பஜாரில் ஏழு வீடுகளிலிருந்து சிவசக்திக்கு அழைப்பு வந்தது. எல்லாம் ட்ரிப் சுவிட்ச் பார்க்கத்தான். குளியலறையில் டீவி வேண்டும் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.