இரண்டு நாள் காய்ச்சல்

கணவர் மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டதும் தையல்காரி மிஷினை மிதித்தாள். ஊசிக்கடியில் துணி எதுவும் இல்லை. மோட்டார் கடகடவென்று ஓடி அடங்குவதற்குள் அவர் தலையணையில் முகம் புதைத்து இருமி முடித்துவிட வேண்டும். இன்றோடு ஒன்பது நாள். நடுச்சுவர் ஒற்றைச் செங்கல். பக்கத்து வீட்டில் கரண்டி விழுந்தால் இங்கே குனிந்து எடுக்கத் தோன்றும்.

"உன் மிஷினுக்கும் தொத்திடுச்சுடி. என்னவிட அதுதான் அதிகமா இருமுது" என்று முதல் இரண்டு நாள் சிரித்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டியவர், சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். இப்போது சிரிப்பதற்கும் மூச்சு வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் வாயெடுத்தபோதெல்லாம் அவர் அவள் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினார். காரணத்தை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. முனை வீட்டு வாத்தியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போன அன்று அவர் வாசலை மறித்துத் தகரம் அடித்தார்கள். பிழைத்து, ஒரு பையோடு அவர் நடந்து திரும்பிய காலையில், அவர் கடக்கக் கடக்கத் தெருவின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. "பேரு கெட்டதுக்கப்புறம் உடம்பு தேறி என்னத்தப் பண்ண?" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. "அதானே" என்று சொல்லித் தையல்காரியும் தன் ஜன்னலைச் சாத்தினாள். கொக்கி விழுந்த சத்தம் வாத்தியாருக்குக் கேட்டிருக்கும்.

ஐந்தாம் நாள் அக்கா ஜன்னலுக்கு வந்தாள்.

"பகல் பூரா ஓட்டுறியே, யாருக்குடி தைக்கிற?"

"மாஸ்க்குக்கா."

"நம்ம பேரனுக்கு ரெண்டு குடேன். கடையில விக்கிறதுல எவன் கை பட்டிருக்குமோ. உன் கைன்னா நம்பலாம்."

துணியைக் கொதிக்கவைத்து, வெயிலில் போட்டு, தைத்து, இஸ்திரிப் பெட்டி சூடு ஆறுமுன் இரண்டு முறை தேய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நீட்டினாள். அன்று அவளால் சாப்பிட முடியவில்லை.

ஒன்பதாம் நாள் மதியம், "தண்ணி" என்ற சொல்லை அவரால் ஒரே மூச்சில் முடிக்க முடியவில்லை. அவள் சத்தியத்தை மீறி ஃபோன் செய்தாள். வண்டி வந்தது. உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடுப்பு மாட்டிய ஒருவர், ஆறடி தள்ளி நின்று, செவிடனுக்குச் சொல்வதுபோல் உரக்கக் கேட்டார்.

"எத்தனை நாளாம்மா காய்ச்சல்?"

தெரு மூச்சுவிடாமல் நின்றது. பக்கத்து வாசலில் அக்கா, இடுப்பில் பேரன், அவன் முகத்தில் இவள் தைத்துக் கொடுத்தது. ஒன்பது என்ற சொல் தொண்டைவரை வந்தது.

"ரெண்டு நாளாத்தான்."

ஸ்ட்ரெச்சரில் இருந்தவர் அவளைப் பார்த்தார். திருத்திவிடுவார் என்று பயந்தாள். திருத்திவிட மாட்டாரா என்றும் இருந்தது. அவர் மெல்லத் தலையை ஆட்டி ஆமாம் என்றார். வெள்ளை உடுப்பு எழுதிக்கொண்டது.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் பேசினாள். "ரெண்டு நாள் கேஸ்தானேம்மா, கீழ் வார்டுல போட்டிருக்கோம். மேல இருக்கிற ஆக்சிஜன் பெட்டெல்லாம் எட்டு நாள் தாண்டினவங்களுக்கு. கூட்டம் அப்படி. எத்தனை நாள்னு பார்த்துத்தான் எல்லாமே. பயப்படாதீங்க."

"இல்ல மேடம், அது வந்து..."

அதற்குள் இணைப்பு போய்விட்டது. பிறகு எத்தனை முறை போட்டாலும் அந்த எண் பிஸி.

விடிந்ததும், தகரம் அடிக்க ஆள் வருவதற்கு முன்பே கிளம்பினாள். அக்காவின் வாசலுக்கு எதிரே சின்னதாக ஏதோ எரிந்து அடங்கிக்கொண்டிருந்தது. சாம்பலில் நாடா மட்டும் சுருண்டு கிடந்தது. தன் கையால் மடித்துத் தைத்த நாடா. அவள் நிற்காமல் நடந்தாள்.

"உள்ள விட மாட்டாங்கம்மா" என்றார் வாசல் காவலாளி.

"உள்ள போக வேணாம்ணே. சொன்னா போதும். ரெண்டு நாள் இல்ல, ஒன்பது நாள். தப்பாச் சொல்லிட்டேன்."

"என்கிட்டச் சொல்லி என்னம்மா ஆகப்போகுது? பேப்பரெல்லாம் உள்ள இருக்கு. நானே மூணு வாரமா தரையில போட்டிருக்கிற அந்தக் கோட்டத் தாண்டி உள்ள போனதில்ல."

அவள் மதிலை ஒட்டி, கம்பி வேலி மட்டும் இருந்த பின்பக்கம் போனாள். கீழ்த்தளத்தில் நீளமாகக் கண்ணாடி ஜன்னல்கள். எல்லாம் மூடியிருந்தன. ஒன்றின் பின்னால் வெள்ளை உடுப்பு ஒன்று குனிந்து நிமிர்ந்தது. ஆணா பெண்ணா தெரியவில்லை. "ஒன்பது நாள்!" என்று கத்தினாள். கம்பி வேலிக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஜெனரேட்டர் இரைந்து ஓடிக்கொண்டிருந்தது. கைகளைத் தலைக்கு மேல் தூக்கினாள். இடது கையில் ஐந்து விரல். வலது கையில் கட்டைவிரலை மடக்கி நான்கு. தெரியட்டும் என்று ஆட்டி ஆட்டிக் காட்டினாள்.

உள்ளே இருந்த உருவம் அவளைக் கவனித்தது. ஜன்னலருகே வந்தது. உறை போட்ட இரண்டு கைகளையும் உயர்த்தி, அவளைப் பார்த்து, அன்பாக டாட்டா காட்டியது.