சாம்பல் நாரையின் பதினாறு தூண்கள்

இறந்துபோன மனிதரிடமிருந்து நெரெய்தா கொலோனுக்குச் செய்தி வந்தபோது காலை பத்து மணி இருக்கும். ஹோட்டல் வாசலில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, கொய்யா ஜாம் வைத்த பப்ஸைக் கடித்துக்கொண்டிருந்தாள். தீம் பார்க்குக்குப் போகிற கூட்டம் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக ஏறிக்கொண்டிருந்தது. போன் அதிர்ந்தது. திரையில் பெயர்: ராய்ஸ் டிப்டன்.

"கிழக்கு மூலையில பதினாறு தூண். எண்ணிப் பாரு."

அந்த வரிக்கு நேர் மேலே, நான்கு வருடத்துக்கு முன் அவர் அனுப்பிய கடைசிச் செய்தி அப்படியே கிடந்தது. "அந்த வார்த்தைய மட்டும் போடாதன்னு சொன்னேனே." அதற்கு அவள் பதில் போடவே இல்லை. எட்டு மாதம் கழித்து, மாரடைப்பில் அவர் போய்விட்டார் என்பதை உள்ளூர்ப் பத்திரிகையின் இரங்கல் பக்கத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டாள். பெயரை போனிலிருந்து அழிக்க நினைத்து ஒவ்வொரு முறையும் விரல் பின்வாங்கிவிட்டது.

"பஸ் கெளம்புமா, இல்ல பார்க்கே இங்க வந்துருமா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். பாதிப் பப்ஸைக் காகிதத்தில் சுருட்டி வைத்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

பஸ் ஓட்டுவது அவள் பிழைப்பு. அவளை ஊருக்குத் தெரியவைத்தது வேறு. ஆர்லாண்டோவில் பார்க்கை மோப்பம் பிடித்துத் திரிகிற கூட்டம் ஒன்று உண்டு. அடுத்து என்ன ரைடு வரும், எந்த சூப்பர் ஹீரோவின் உரிமை யார் கையில் இருக்கிறது, எப்போது கைமாறும் என்று நிறுவனம் வாய் திறப்பதற்கு முன்பே சொல்கிறவர்கள். நெரெய்தாவும் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற டெல்பர்ட் ஸ்கேக்ஸும் சேர்ந்து யூடியூபில் அப்படியொரு சேனல் நடத்தினார்கள். கட்டட அனுமதிப் பத்திரங்களை அவள் வரி விடாமல் படிப்பாள். கார் நிறுத்தும் கட்டடத்தின் மொட்டை மாடியில் நின்று, பார்க்குக்குள் நடக்கிற கட்டட வேலையை அவர் நீள லென்ஸில் படம் எடுப்பார்.

மதியம் பணி முடிந்ததும் நேராக அந்த மொட்டை மாடிக்குப் போனாள். வெயில் மண்டையைப் பிளந்தது. டெல்பர்ட் குடையை காமிராவுக்குப் பிடித்துக்கொண்டு தான் வெயிலில் நின்றார்.

"கிழக்கு மூலையில, அந்தப் புதுக் கட்டட வேலையில, தூண் எத்தனைன்னு எண்ணுங்க பெருசு."

"எதுக்கு?"

"எண்ணுங்கன்னா எண்ணுங்க."

"பதிமூணு... பதினாலு... அந்த கிரேன் மறைக்குது, இரு. பதினாறு." லென்ஸிலிருந்து கண்ணை எடுத்தார். "இன்னைக்குக் காலையிலதான் கடைசி ரெண்ட நட்டானுங்க. பெர்மிட்டுல எண்ணிக்கையே இல்லையே. உனக்கு எவன் சொன்னான்? குறி சொல்ற ஆவி ஏதாச்சும் புடிச்சு வச்சிருக்கியா தாயே?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. போனை எடுத்து அந்த வரியை மறுபடி படித்தாள்.

ராய்ஸ் டிப்டனை அவளுக்குப் பழக்கமாக்கியது இந்த பஸ்தான். பார்க் நிறுவனத்துக்கு ரைடுகளின் இரும்புச் சட்டம் வரைந்து கொடுக்கிறவர். கார் ரிப்பேரில் கிடந்த இரண்டு வாரம் அவள் வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார். சட்டைப் பையில் எப்போதும் சின்ன நோட்டு ஒன்று இருக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே அதில் ஏதாவது கிறுக்குவார். அவளுடைய வீடியோக்களைப் பார்க்கிறவர் என்பதை மூன்றாம் நாள் வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார். கடைசி நாளில்தான் அதைச் சொன்னார்.

சாம்பல் நாரை என்கிற சூப்பர் ஹீரோவை வைத்து பார்க்கில் ஒரு பழைய ரைடு ஓடிக்கொண்டிருந்தது. அந்த ரைடு ஓடுகிறவரை நாரை பார்க்குக்குச் சொந்தம். இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் ஓடாமல் நின்றால் உரிமை காமிக்ஸ் கம்பெனிக்கே திரும்பிவிடும், அவர்கள் எதிர்ப் பார்க்குக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். அதனால் பழையதை இடித்துவிட்டு அவசரமாகப் புதியதைக் கட்டப்போகிறார்கள். அதற்கு வரைகிறவர் ராய்ஸ்.

"திட்டத்துக்கு ரகசியப் பேரு 'உப்பளம்'. அத மட்டும் வெளிய விட்டுறாத. மத்ததெல்லாம் ஊகம்னு சொல்லிக்கோ, யாரும் கேக்க மாட்டாங்க" என்றார்.

அவள் விட்டாள். வெறும் ஊகம் என்றால் நம்ப மாட்டார்கள், அந்த ஒரு பெயர் இருந்தால்தான் எடுபடும் என்று அன்றைக்குத் தோன்றியது. தலைப்பிலேயே போட்டாள்: 'உப்பளம்: நாரையின் மறுபிறப்பு'. லட்சம் பேர் பார்த்தார்கள். நிறுவனம் ஒவ்வோர் ஆளுக்கும் கொடுத்த தாளில் ஒவ்வொரு பெயரை வைத்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. உப்பளம் என்று அச்சிட்ட தாள் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. மூன்றாம் நாள் ராய்ஸை வேலையிலிருந்து நீக்கி வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள். திட்டத்தையும் தூக்கிப் பரணில் போட்டுவிட்டதாகப் பேச்சு அடிபட்டது. பழைய ரைடு அதற்குப் பிறகும் ஓடி, ஒன்றரை வருடத்துக்கு முன்புதான் மூடப்பட்டது; அந்த இடத்தில் எழும்புவது என்ன என்று நிறுவனம் இன்னும் வாய் திறக்கவில்லை.

அடுத்த வாரம் இரண்டாவது செய்தி வந்தது. "குளத்த மூட மாட்டாங்க. நாரை தண்ணி மேலதான் எறங்கும்."

நான்கு நாள் கழித்து, பழைய ரைடை ஒட்டிய குளத்தில் வைக்கப் பெரிய நீர் பம்ப் இரண்டுக்கு அனுமதி பதிவானது. டெல்பர்ட் போனில் குதித்தார். "நெரி, யாரு அந்த ஆளு? என்கிட்டயாச்சும் சொல்லு. நம்ம சேனல் எங்கயோ போகப் போகுது!" அவள் பம்பு, பூங்கா என்று ஏதோ உளறி வைத்துவிட்டாள்.

அவளுக்குத் தூக்கம் கெட்டது. பஸ் கண்ணாடியில் முன்சீட்டைப் பார்ப்பதை நிறுத்தினாள். அங்கே யாராவது வெள்ளைச் சட்டைக்காரர் உட்கார்ந்துவிட்டால் பிரேக் மீது கால் தானாகப் போனது. பேய் பிசாசில் நம்பிக்கை இல்லாதவள்தான். ஆனாலும் அந்தப் பெயர் திரையில் வரும்போதெல்லாம், ஒரு மனிதர் எங்கேயோ உட்கார்ந்து பொறுமையாக நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறார் என்றே தோன்றியது. வந்த செய்தி எதையும் அவள் வீடியோவில் போடவில்லை.

மூன்றாவது செய்தியில் ஒரே வார்த்தை. "உப்பளம்."

பதில் தட்டினாள். "யாரு நீங்க?"

பதில் உடனே வந்தது. "இப்பத்தான் பதில் போடத் தெரிஞ்சுதா?"

மறுநாள் லீவு சொல்லிவிட்டு, பக்கத்து ஊரான செயின்ட் கிளவுடுக்குக் காரை விட்டாள். முகவரி இரங்கல் செய்தியிலேயே இருந்தது, இத்தனை வருடமும் அவளுக்கு மனப்பாடம். ஏரியோரத் தெருவில் சின்ன வீடு. மணியை அடித்தாள். அறுபதைத் தாண்டிய உயரமான பெண்மணி ஒருத்தி, கையில் செடி வெட்டும் கத்தரிக்கோலோடு கதவைத் திறந்தாள்.

"நான் நெரெய்தா கொ..."

"தெரியும். உன் மூஞ்சிய அந்தப் பொட்டியில பாத்திருக்கேனே." கதவை இன்னும் கொஞ்சம் திறந்தாள். "வெர்னா. அவரோட பொண்டாட்டி. உள்ள வா. கொசு வருது."

சாப்பாட்டு மேசை மேல் ராய்ஸின் போன் சார்ஜில் கிடந்தது. பக்கத்தில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய நோட்டுகள்.

"நீங்கதானா?" என்றாள் நெரெய்தா. நின்றுகொண்டே இருந்தாள்.

"வேற யாருன்னு நெனச்ச? அவரா?" வெர்னா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "நம்பர நான் கட் பண்ணல. மாசாமாசம் ஒரு போன் வந்துரும், பல் டாக்டர்கிட்டேருந்து, இன்சூரன்ஸ்காரன்கிட்டேருந்து. மிஸ்டர் டிப்டன் இருக்காரான்னு. ஒவ்வொரு தடவையும் நான் திரும்பி அவரு நாற்காலியப் பாப்பேன். உனக்கும் கொஞ்ச நாள் அது இருக்கட்டும்னு தோணிச்சு. அவ்வளவுதான். நோட்ட தெறந்தேன், கண்ணுல பட்ட வரிய அனுப்புனேன்."

"நான் அன்னைக்கே பதில் போட்டிருக்கணும்."

"ஆமா." வெர்னா கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள். "வேலை போனதுக்கு அவரு அழல தெரியுமா? தச்சு வேலை செஞ்சு பொழச்சுக்கலாம்னாரு. ஆனா தெனம் அந்தப் போன எடுத்து எடுத்துப் பாப்பாரு. நான் ஏன்னு கேட்டா, அந்தப் பொண்ணு பயந்திருக்கும், ஒரு வரி போட்டான்னா பரவால்லன்னு சொல்லிறலாம்பாரு. எட்டு மாசம்."

நெரெய்தா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அழுதால் அதுவும் ஒரு திருட்டு போல இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"அந்த வரியெல்லாம் நிஜம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"என்ன நிஜம்?"

"பதினாறு தூண். எண்ணிப் பாத்தேன். குளம் மேல எறங்கறது. பம்புக்குப் பெர்மிட் வாங்கிட்டாங்க. அவரோட ரைடத்தான் கட்டிக்கிட்டிருக்காங்க."

வெர்னா நோட்டுகளின் மேல் கையை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"குப்பையில போட்டுட்டாங்கன்னாங்களே," என்றாள் கடைசியில், வேறொரு குரலில். "அது போனதுலதான் அவரு ஒடஞ்சாரு. குப்பையில போட்டுட்டோம்னு கடுதாசியே வந்துச்சே."

"வாங்க. காட்டறேன்."

இருவரும் காரில் வந்தார்கள். மொட்டை மாடியில் டெல்பர்ட் இருந்தார். நெரெய்தா கண்ணைக் காட்டவும் ஒன்றும் கேட்காமல் காமிராவை விட்டு விலகி நின்றார். மேற்கே தினமும் வருகிற மூன்று மணி மழை கறுத்துக்கொண்டு வந்தது. வெர்னா லென்ஸில் கண்ணை வைத்தாள். உதடு மட்டும் அசைந்தது. பதினாறு வரை எண்ணினாள் என்று நெரெய்தாவுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகும் அவள் கண்ணை எடுக்கவில்லை. கிரேன் நாரையின் சிறகு ஒன்றைத் தூக்கிக்கொண்டிருந்தது, இன்னும் வண்ணம் பூசாத வெறும் இரும்பு.

"மடக்குற எடம் கீழ இருக்கு பாரு," என்றாள் வெர்னா. "மனுசன் முழங்கைய மாதிரி வேணும்னாரு. ஒரு ஞாயித்துக்கிழம பூரா என் கையப் புடிச்சு மடக்கி மடக்கி வரஞ்சாரு."

முதல் துளிகள் சிமெண்டில் விழுந்தன. யாரும் நகரவில்லை.

"நான் வீடியோவுல எல்லாத்தையும் சொல்லிடறேன்," என்றாள் நெரெய்தா. "இது யாரு வரஞ்சது, யாரு சொன்னது, நான் என்ன பண்ணேன், எல்லாத்தையும். பேரச் சொல்லி."

வெர்னா திரும்பினாள். "வேணாம்."

"ஊருக்குத் தெரியணும்ல?"

"நீ சொன்னா உனக்குப் பாரம் எறங்கும். லட்சம் பேரு உன்னப் பாத்து அய்யோ பாவம்பான். அவர ஒரு தடவ எடுத்துச் செலவு பண்ணிட்ட. ரெண்டாவது தடவ தர முடியாது. கம்பெனிகிட்ட கேக்க வேண்டியத நான் கேட்டுக்கறேன். நோட்டு என்கிட்ட இருக்கு."

மழை கொட்டத் தொடங்கியது. டெல்பர்ட் குடையை வெர்னாவின் தலைக்கு மேல் பிடித்தார். அவரும் நனைந்தார், காமிராவும் நனைந்தது.

அந்த வாரமே டெல்பர்ட்டுக்கும் அவளுக்கும் முறிந்தது. அவள் வீட்டுக் கூடத்தில் காமிராவை வைத்துவிட்டு அவர் கெஞ்சினார். "நாரை உரிமை கைமாறப் போகுதா இல்லையான்னு ஊரே அடிச்சுக்குது. நமக்கு விடையே தெரியும். ரெண்டு வருசக் கணக்கு முடிய அஞ்சு மாசந்தான் பாக்கி. அதுக்குள்ள தொறந்துருவாங்களா மாட்டாங்களான்னு நீ சொன்னா போதும். பேரு வேணாம். அந்தம்மாவ இழுக்கவே வேணாம்."

"அப்பவும் இதையேதான் சொல்லிக்கிட்டேன். அவரு பேரு போடலயேன்னு."

"அப்ப என்ன பண்ணப் போற? பஸ் மட்டும் ஓட்டுவியா?"

"ஓட்டுவேன்."

"போ. நல்லா ஓட்டு," என்று அவர் தனியாகவே வீடியோ எடுக்கப் போனார். கடைசியாக அவள் ஒரே ஒரு தடவை காமிரா முன் உட்கார்ந்தாள். தன்னை நம்பிச் சொன்னவருக்குத் துரோகம் செய்துவிட்டதாகவும், இனி இந்த வேலை வேண்டாம் என்றும் இரண்டு நிமிடம் பேசினாள். பெயர் சொல்லவில்லை. பார்த்தவர்களில் பாதிப் பேர் அதையும் புது ரைடுக்கான துப்பு என்று நினைத்துக் கீழே ஊகங்களாக எழுதித் தள்ளினார்கள்.

வெர்னாவின் வக்கீலும் நிறுவனமும் என்ன பேசி முடித்தார்கள் என்று நெரெய்தா கேட்கவில்லை. ராய்ஸின் பெயரிலிருந்து அதற்குப் பிறகு செய்தி வரவே இல்லை. வராதது அவளுக்கு நிம்மதியைத் தரவில்லை. அதிகாலையில் சில நாள், எட்டு மாதம் ஒரு மனிதர் காத்திருந்தார் என்கிற நினைப்பில் திடுக்கிட்டு எழுந்து, திரையைப் பார்த்து, இருட்டாகவே இருப்பதைக் கண்டு மறுபடி படுப்பாள்.

கெடுவுக்கு இருபது நாள் முன்பு ரைடு திறந்தது. கூட்டம் அலைமோதிய முதல் வாரம் கழிந்து, ஒரு புதன்கிழமை அவள் தனியாகப் போய் வரிசையில் நின்றாள். ஒன்றரை மணி நேரம் என்று பலகை சொன்னது. மேலே நாரை இரைச்சலோடு குளத்தை நோக்கிச் சரிந்து, கடைசி நொடியில் சிறகை மடக்கி மிதந்தது. ஜனங்கள் கத்தினார்கள். அந்த முழங்கை மடங்கும்போதெல்லாம் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவளுக்கு முன்னால் நின்றவர், நாரைத் தொப்பி போட்ட ஒரு ஒஹாயோக்காரர், மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"அடுத்த வருசம் வந்தா இது இருக்காது, பாத்துக்கோ. உரிமை எதிர்ப் பார்க்குக்குப் போயிருச்சாம். இத வரஞ்சவன் ஜப்பான்காரன். உள் ஆளு ஒருத்தரு சொன்னாரு." நெரெய்தாவின் கையிலிருந்த, உள்ளூர்க்காரர்களுக்குத் தருகிற பாஸைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "நீங்க இந்த ஊருதான? உங்க காதுல என்ன விழுந்துச்சு?"

வாய்வரை வந்துவிட்டது. வரைந்தது யார், எந்த ஞாயிற்றுக்கிழமை, யாருடைய கை, எல்லாமே.

"ஒண்ணும் விழலங்க," என்றாள் நெரெய்தா.

வரிசை இரண்டடி நகர்ந்தது. அவளும் நகர்ந்தாள்.