பதினேழரைக் கிலோ

பள்ளிக்கூடத்துக் குசினிக்குள் ஒருநாளும் கால் வைக்காத அதிபர் இரத்தினசிங்கம், அன்று வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பருப்புச் சட்டியின் மூடியைத் தானே தூக்கிப் பார்த்தார். பொன்னாங்காணிச் சுண்டலை மோந்துவிட்டு "நல்லா மணக்குது பிள்ளை" என்றார். நிரோஜினிக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. நூற்றுப்பன்னிரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு வருடமாகச் சமைத்துப் போடுகிறாள். உப்புக் கூடினால் ஆள் அனுப்பிச் சொல்வாரே தவிர, ருசியாக இருந்த நாளில் வாய் திறந்த மனிதரில்லை அவர்.

"நாளைக்கு அபிசனாவ வீட்டில விட்டிட்டு வாங்கோ."

அபிசனா அவளுடைய மகள். அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு. காய்ச்சல் ஏதுமோ என்று பதறி, கையைச் சட்டையில் துடைத்தாள்.

"ஏன் சேர், பிள்ளைக்கு என்ன?"

"அவளுக்கு ஒண்டுமில்லை. நாளைக்குப் பதக்கக் குழு வருது. பிள்ளையளை நிறுத்துப் பாப்பினம். நிறை குறைஞ்ச ஏழு பேரையும் வீட்டில மறிக்கச் சொல்லியிருக்கிறன். ஒரு நாள்தானே." பிறகு, ஏதோ வெகுமதி தருகிறவர் போலச் சொன்னார்: "உங்கட சமையலுக்குத்தானே இந்தப் பதக்கம்!"

அவர் போன பிறகும் அகப்பையைப் பிடித்தபடி நின்றாள். போசாக்கான பள்ளிக்கூடம் என்று தங்கப் பதக்கம் கொடுக்கிறார்களாம். அதற்காக ஆறு மாதம் ஊரே பாடுபட்டது. தகப்பன்மார் வந்து கீரைப் பாத்தி கொத்தினார்கள். பள்ளி வாசற் படலைக்கு முன்னால் கலர்த்தண்ணிப் பைக்கற் விற்றவனோடு தாய்மார் சண்டை பிடித்து அவனை அனுப்பினார்கள். அந்தச் சண்டையில் முன்னுக்கு நின்றவளே நிரோஜினிதான். மிக்சர் கொடுக்காதீர்கள், பயறு அவித்துக் கொடுங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவளும் அவள்தான். எல்லாவற்றையும் நம்பிச் செய்தாள். இப்போது பார்த்தால், பிள்ளைகளுக்காகப் பதக்கம் இல்லை, பதக்கத்துக்காகத்தான் பிள்ளைகள். மெலிந்த பிள்ளைக்கு ஒரு முட்டை கூடக் கொடுப்போம் என்று சொல்ல ஒரு வாய் இல்லை. மெலிந்ததை ஒளித்து வைக்க மட்டும் எத்தனை புத்தி!

இன்னொன்றும் இருந்தது. நாளைக்குக் குழுவுக்கு முன்னால் மரக்கறி ஆட்டம். ஒருத்தி கத்தரிக்காய், ஒருவன் பூசணி, அபிசனா முருங்கைக்காய். பச்சைக் கடதாசி வாங்கி மூன்று பின்னேரம் குந்தியிருந்து தைத்தாள் நிரோஜினி. முருங்கைக்காய்க்கு ஆள் தேடியபோது அந்த ஒல்லி உடம்பு இவர்களுக்கு இனித்தது. தராசு வருகிறது என்றதும் கசந்துவிட்டது.

பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது புருசன் தர்சன் முற்றத்தில் கிழிந்த வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். ஈயம் கோத்த அடிக்கயிற்றை வெட்டிச் சுருட்டி ஒரு பக்கம் வைத்திருந்தான். வாடைக்காற்று தொடங்கி ஒன்பது நாளாக அவன் கடலுக்குப் போகவில்லை. குடாவில் கோதுமைக் கப்பல் ஒன்று அசையாமல் நின்றது. அபிசனா வாசற்படியில் இருந்து பாணை வெறுந்தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றாள். இந்த ஒன்பது நாளும் அவள் வயிற்றில் கறி என்று விழுந்ததெல்லாம் பள்ளிக்கூடத்துச் சாப்பாடுதான். நாளைக்குக் குழு வருவதால் மீனும் முட்டையும் உண்டு. அதுவும் அவளுக்கு இல்லை.

அதிபர் சொன்னதைக் கேட்டதும் தர்சன் கயிற்றைக் கீழே போட்டான். "அவரோட கொழுவாத நிரோ. வேற ஆளை அடுப்பில விட்டிடுவார்."

"விடட்டும். என்ர பிள்ளையை ஒளிச்சு வச்சிட்டு நான் ஊர்ப் பிள்ளையளுக்குச் சோறு போடவோ?"

மகளுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் அபிசனா தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தபடி சொன்னாள்: "டீச்சர் சொன்னவ அம்மா. நான் நிண்டா எல்லாருக்கும் பதக்கம் இல்லாமப் போயிடுமாம். எனக்குப் பதினேழரைக் கிலோதானாம். இருபது வேணுமாம்."

எட்டு வயதுப் பிள்ளையிடம் இதைச் சொல்லியிருக்கிறார்கள். நிரோஜினிக்கு அந்த டீச்சரின் கொண்டையைப் பிடித்து உலுப்ப வேண்டும் போலிருந்தது. மகளின் தலையில் கை வைத்து, "நீ நாளைக்கு வாறாய். இருக்கிற மாதிரியே வாறாய்" என்று மட்டும் சொன்னாள்.

காலையில் அபிசனா தானாகவே உடுத்துக்கொண்டு நின்றாள். பச்சைக் கடதாசி கழுத்திலிருந்து கால் வரை மூடியிருந்தது. கிட்ட வந்து சரிசெய்யப் போன தாயைத் தொட விடவில்லை. "கிழிஞ்சிடும் அம்மா." வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். கடதாசிக்குள் புழுங்குகிறது என்று நினைத்தாள் தாய்.

படலையில் அதிபரின் முகம் கறுத்தது. "நான் சொன்னனான்தானே?"

"சொன்னீங்கள் சேர். நான் அடுப்பு மூட்டவோ, இவளைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போகவோ?"

குழுவின் வாகனம் கந்தளாய் தாண்டிவிட்டதாம்; வேறு சமையல் ஆள் பிடிக்க நேரமில்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வழி விட்டார். "தராசுப் பக்கம் மட்டும் விட்டிடாதேங்கோ" என்றார்.

மற்ற ஆறு பேரும் வரவில்லை. ஆறு வீட்டிலும் பயந்துவிட்டார்கள். பத்து மணிக்கு மண்டபத்தில் மரக்கறிகள் ஆடின. முருங்கைக்காய் மட்டும் குதிக்கவேயில்லை, நின்ற இடத்தில் கையை ஆட்டியது. குழுவோடு வந்த சுகாதாரப் பரிசோதகர் ஜமால்தீன் இடாப்பை விரித்து, பெயர் பெயராகக் கூப்பிட்டு நிறுத்தார். ஆறு பெயருக்குச் 'சுகமில்லை' என்றார் அதிபர். ஏழாவது பெயருக்கும் அவர் வாயெடுக்குமுன், முருங்கைக்காய் மெல்ல மெல்ல நடந்துபோய்த் தராசில் ஏறிவிட்டது. "கடதாசிதானே மகள், அதோடயே நில்லுங்க" என்று சிரித்தார் ஜமால்தீன்.

மண்டபத்தை ஒட்டிய குசினி வாசலில் அகப்பையோடு நின்ற நிரோஜினி முள்ளைப் பார்த்தாள். இருபதைத் தாண்டியிருந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்குச் சந்தோசம் பொங்கியது. அதிபருக்கும் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களே, எங்கட பள்ளிக்கூடச் சாப்பாடு!" என்றார்.

அபிசனா இறங்கினாள். கடதாசிக்குள் ஏதோ கிணுங்கியது. கடற்காரன் பெண்சாதிக்கு அந்தச் சத்தம் தெரியாதா?

அகப்பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய், மகளின் முதுகுப் பக்கத்துக் கடதாசியைக் கிழித்தாள். பள்ளிச் சட்டைக்கு மேலால், இடுப்பைச் சுற்றி, வலையின் ஈயக்கயிறு மூன்று சுற்று. ஒரு முடிச்சு, அதற்கு மேல் இன்னொரு முடிச்சு, பயத்தில் போட்ட முடிச்சுகள். பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தாள். கடைசிச் சுற்றுக் கழன்றதும் அபிசனா நீளமாக மூச்சு விட்டாள். "எல்லாருக்கும் பதக்கம் கிடைக்கட்டும் எண்டுதான் அம்மா."

"பிள்ளை, உள்ள போங்கோ, பிறகு கதைப்பம்" என்று அதிபர் நிரோஜினியிடம் அடிக்குரலில் சொன்னார்.

"எப்ப பிறகு? இன்னும் ரெண்டு கிலோ கட்டின பிறகோ?" மண்டபம் முழுக்கக் கேட்டது. "பசிச்ச பிள்ளையளை ஒளிச்சு வச்சுப்போட்டு என்னத்துக்கு ஐயா உங்களுக்குத் தங்கம்?"

குழுவுக்காக வெள்ளைச் சீலை விரித்த மேசையில், பாதியாக வெட்டிய முட்டைகளுக்கும் கீரைக்கும் நடுவில், ஈயக்கயிற்றைத் தொப்பென்று போட்டாள். ஒரு முட்டை உருண்டு விழுந்தது. மகளைத் தோளில் பிடித்து மறுபடி தராசில் ஏற்றினாள். கிழிந்த பச்சைக் கடதாசி காலடியில் கிடந்தது. முள் ஆடி ஆடி, பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் வந்து நின்றது.

"எழுதுங்கோ சேர்."

ஜமால்தீன் பேனையைத் தாளில் வைத்தார். எழுதாமல் அதிபரைப் பார்த்தார். குசினியிலிருந்து பருப்பு அடிப்பிடிக்கும் மணம் வந்தது. நிரோஜினி அந்தப் பக்கம் திரும்பவில்லை. பேனையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.