நீடில் லைன் விழுந்த மெயில்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நல்லூர் பனியன் கம்பெனியில் இருந்தவர்கள் மூன்று பேர்: முதலாளி திருமூர்த்தி, பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் போடும் தவசி, செக்கிங்கில் தைத்த பீஸ்களில் குறை பார்க்கும் விஜயராணி.

தவசி வேலை செய்ய வரவில்லை. வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு ஊருக்கே போய்விடுகிறேன் என்று சொல்ல வந்திருந்தான்.

முந்தின நாள் அவனுக்கு அரைகுறைத் தமிழில் ஒரு மெயில். அனுப்பியவர் இடத்தில் அவனுடைய முகவரியே இருந்தது. உன் கணக்கை ஹேக் செய்துவிட்டேன், நீ ஆபாசப் படம் பார்த்ததைக் கம்ப்யூட்டர் கேமரா வழியாகப் பிடித்துவிட்டேன், இரண்டு நாளில் பிட்காயின் வராவிட்டால் உனக்குத் தெரிந்த எல்லோருக்கும் அனுப்புவேன் என்று இருந்தது. சாட்சிக்கு அவனுடைய பாஸ்வேர்டு. ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவன் படம் பார்த்தது உண்மை. அதனால் மீதியையும் நம்பினான். மனைவி சின்னத்தாயின் முகத்தை அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"மொகமே செரியில்லீங்களே தவசி, ஊட்டுல ஏதாச்சுமுங்களா?" என்று கேட்ட திருமூர்த்தி, பதில் வருவதற்குள் தனக்கு போன் வர வாசலுக்குப் போய்விட்டார்.

விஜயராணி விடவில்லை. "என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி நிக்கிய?"

வாயால் சொல்ல முடியாமல் போனை நீட்டினான். படித்தாள். சிரிப்பாள் என்று நினைத்தான். அவளோ தன் போனைத் திறந்து அவன் கையில் கொடுத்தாள். ஆறு மாதம் முந்தி அவளுக்கு வந்தது. வரிக்கு வரி அதே மிரட்டல். பாஸ்வேர்டு மட்டும் வேறு.

"எனக்கும் நாலு நாள் சோறு எறங்கல. பத்து பீஸ்ல ஒரே எடத்துல கோடு விழுந்தா என்ன சொல்லுவோம்?"

"நீடில் லைன். மெஷின்ல ஊசி கெட்டுப்போச்சு."

"பீஸ் மேல குத்தமில்லல்லா? இதுவும் ஒருத்தன் மொத்தமா ஓட்டி ஊருக்கெல்லாம் அனுப்புறதுதான். கவர்மேல அனுப்புனவன்னு யார் பேர வேணா எழுதலாம்லா, மெயிலும் அப்படித்தான். அந்த பாஸ்வேர்ட வேற எங்க குடுத்திய?"

"டிசைன் எறக்க ஏதோ ஒரு சைட்ல. எல்லாத்துக்கும் அதேதான்."

"அங்க களவு போயிருக்கும். எல்லாத்தயும் மாத்துங்க. பதில் போடாதிய, சைபர் போலீஸ் நம்பர் 1930ல சொல்லிருங்க. அது சரி, இந்த ஆபீஸ் கம்ப்யூட்டர்ல கேமரா எங்க இருக்கு?"

தவசி திரும்பிப் பார்த்தான். பழைய மானிட்டர். கேமராவே கிடையாது.

"மொதலாளி கம்ப்யூட்டர்ல படம் பாத்ததுக்கு வேணா ஒங்கள ஒதைக்கலாம்" என்றாள்.

உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றினான். அவள் அந்த மெயிலைத் தன் புருஷனிடம்கூடக் காட்டியதில்லையாம். இவனிடம் காட்ட வேண்டிய கட்டாயம் அவளுக்கு ஒன்றுமில்லை. அதை நினைத்ததும் அவளுடைய போனை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான்.

"தங்கச்சி, நீ மட்டும் இல்லன்னா..."

"போதும். வீட்டுக்குப் போயி சின்னத்தாயி கூட உக்காந்து சாப்புடுங்க."

திருமூர்த்தி வாசலில் இருந்து எட்டிப் பார்த்தார். "ஏனுங்க தவசி, எதோ பேசோணும்னீங்களே?"

"ஒண்ணுமில்ல மொதலாளி. நாளைக்கு வேலைக்கு வந்துருதேன்."

அவன் படியிறங்கினான். விஜயராணியும் வெளியே வந்து, அவன் முதுகுக்குப் பின்னால் ஆபீஸ் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள்.